பதின்மூன்று நாள் உலர்ந்த தகடு

ஊற்றுவது, உலர்த்துவது, உடைப்பது. அந்த ஆய்வுக்கூடத்தில் பெரியவள் பார்த்த வேலையை இந்த மூன்று சொல்லுக்குள் அடக்கிவிடலாம். பத்தொன்பது வருஷமாக அதைத்தான் செய்துவந்தாள். வீட்டில் மூத்தவள் என்பதால் பெரியவள். வேலை செய்யும் இடத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அக்கா.

அவள் ஊற்றியது பார்ப்பதற்குத் தண்ணீர் கலந்த பால் மாதிரி இருக்கும். மரக்கூழை அமிலத்தில் ஊறவைத்து, கழுவி, வடித்து, கை சலிக்கும் வரைக்கும் மறுபடி மறுபடி கழுவினால் கடைசியில் மிஞ்சுவது அது. செடியை நிமிர்ந்து நிற்க வைக்கிற நாரின் மிகச் சிறிய துணுக்குகள் அதற்குள் மிதக்கும். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஆயிரக்கணக்கில் அவற்றை அடுக்கலாம். "எடைக்கு எடை வெச்சுப் பார்த்தா இரும்பு இதுங்க கிட்ட வெட்கப்படணும்" என்பார் பேராசிரியர்.

பேராசிரியருக்கு முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்த பேர் சிப்பி. மேஜைமேல் அரைச் சிப்பி ஒன்றை வைத்துக்கொண்டு, கூரியர் கொடுக்க வந்தவரைக்கூட விடாமல் உட்காரவைத்துப் பாடம் நடத்துவார். "இது வெறும் சுண்ணாம்புங்க. சாக்பீஸ் கீழ விழுந்தா மூணு துண்டாகுது. இதுமேல நீங்க ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாது. ஏன்? அடுக்கு! செங்கல் மாதிரி அடுக்கு, நடுவுல துளியூண்டு பசை. விரிசல் வந்தா நேரா ஓட முடியாது, வளைஞ்சு வளைஞ்சு களைச்சுப்போயிடும். அதைத்தான் நாம செடியை வெச்சுப் பண்ணப்போறோம்."

பண்ணப்போறோம் என்று அவர் சொல்ல ஆரம்பித்து ஆறு வருஷம் ஓடிவிட்டது. பெரியவள் அந்தப் பாலில் பசையைக் கலந்து தட்டில் ஊற்றுவாள். அறுபது டிகிரி சூட்டில் அடுப்பில் வைப்பாள். மறுநாள் மெல்லிய தகடாகக் காய்ந்திருக்கும். உறுதியான தகடுதான், ஆனால் சோதனை இயந்திரத்தின் இரண்டு பிடிக்கும் நடுவே வைத்து வளைத்தால் கண்ணாடி மாதிரி 'டப்'பென்று உடைந்துவிடும். உடைவதற்குள் எவ்வளவு தாங்கியது என்று இயந்திரம் காட்டும் எண் நாற்பதைத் தாண்டி ஏறினதே கிடையாது. துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டு, அடுத்த தட்டைக் கழுவப் போவாள்.

அவளுக்கு ஒரே ஒரு தங்கை. அம்மா போனபோது சின்னவளுக்கு எட்டு வயது, பெரியவளுக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கும் முன்னாலேயே இல்லை. சின்னவளுக்கு அப்போதிருந்தே ஆஸ்துமா. மூச்சுத் திணறும்போதெல்லாம் முதுகைத் தடவிக்கொண்டு, மருந்துக் குழாயை வாயில் வைத்து, "இழு… இன்னும்… விடு" என்று எண்ணிச் சொல்கிற வேலை அக்காவுக்கு. அவள் கைப்பையில் சீப்பு இல்லாமல் போகும், சாவி இல்லாமல் போகும், அந்தக் குழாய் இல்லாமல் போனதில்லை. சின்னவளை ஒரு பஸ் டிரைவருக்குக் கட்டிக்கொடுத்தபோதும், ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டே தெரு தள்ளி வீடு பார்த்து வைத்தது பெரியவள்தான்.

கல்யாணம் ஆகியும் சின்னவள் மாறவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போன் செய்வாள். சோப்பு தீர்ந்துவிட்டது என்று ஒன்று, மேல்வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று ஒன்று, ஒன்றுமே இல்லை என்று சொல்வதற்கு ஒன்று.

"ஏண்டி, உன் போன்ல என் நம்பரைத் தவிர வேற நம்பரே இல்லையா?"

"இருக்கு. ஆனா அவங்ககிட்டல்லாம் மரியாதையாப் பேசணுமே!"

புருஷனுக்கு அவள் பகலில் போன் செய்யவே மாட்டாள். ஸ்டியரிங்கில் இருக்கிற கை போனை எடுக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டுச் சட்டம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டு தாண்டிப் பத்து நிமிஷம். பெரியவள் கையுறை போட்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தினால் காற்றுக் குமிழி புகுந்துவிடும். குமிழி இருக்கிற இடத்தில்தான் பிற்பாடு விரிசல் தொடங்கும். ஆகவே ஒரே கையாக, ஒரே நூலாக ஊற்றவேண்டும். பையில் போன் அடித்தது. சின்னவளுக்கென்று தனியாக வைத்த மணி. 'இருடி, ஊத்திட்டு வர்றேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அடித்து ஓய்ந்தது. உடனே இரண்டாவது தடவை அடித்தது. "வேற வேலையே இல்ல இவளுக்கு" என்று சிரித்துக்கொண்டே தட்டின் ஓரத்தைச் சமன் செய்தாள். மூன்றாவது தடவை பாதியிலேயே நின்றுவிட்டது.

ஊற்றி முடித்து, பாத்திரத்தைக் கழுவி, கையுறையைக் கழற்றித் திரும்பக் கூப்பிடும்போது மணி பன்னிரண்டு நாற்பது. எடுத்தது மேல்வீட்டுக்காரி. அவள் அழுத அழுகையில் வார்த்தை புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது. பெரியவள் கைக்கு வந்த மூடியை எடுத்துத் தட்டின்மேல் கவிழ்த்துவிட்டு ஓடினாள். தட்டை அடுப்பில் வைக்கவேண்டும் என்பதோ, ஆய்வுக்கூடம் என்று ஒன்று இருப்பதோ அதற்குப் பிறகு அவள் நினைவில் இல்லை.

சின்னவள் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரம் ஊதிய மூச்சில் கிடந்தாள். மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்த நேரம் ரொம்ப அதிகம் என்றார்கள். ஏழாம் நாள் காலையில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். பெரியவள் அவள் முதுகுக்கடியில் கையைக் கொடுத்துத் தடவியபடியே இருந்தாள். நர்ஸ் வந்து கையை எடுத்துவிட வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்து, அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து பதின்மூன்றாம் நாள் அவள் வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். யாரிடமும் பேசாமல் உள்ளே போனவள் மேஜையின் மூலையில், யாரும் தொடாமல், மூடி கவிழ்த்தபடி அந்தத் தட்டைக் கண்டாள்.

மூடியை எடுத்தாள். குளிரூட்டிய அறையில், மூடியின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் போய், தகடு தானாகவே காய்ந்திருந்தது. எப்போதும் போல வெளுத்து இல்லை. சாய்த்துப் பார்த்தால் பச்சை, இன்னொரு பக்கம் சாய்த்தால் செம்பு நிறம். பொன்வண்டின் முதுகு மாதிரி மின்னியது. அவளுக்கு அது அழகாகத் தெரியவில்லை. குப்பையில் போடத்தான் கையில் எடுத்தாள். ஆனால் கை பழகிய வேலையைச் செய்தது. பட்டைகளாக வெட்டி, ஒன்றை இயந்திரத்தில் பொருத்தி, பொத்தானை அமுக்கினாள்.

'டப்' சத்தம் வரவில்லை. தகடு வளைந்தது. விரிசல் ஒன்று கிளம்பி, திரும்பி, இன்னொரு பக்கம் திரும்பி, பாதியிலேயே நின்றது. எண் நாற்பதைத் தாண்டி, அறுபதைத் தாண்டி, நூற்றுப்பத்தில் போய் நின்றது.

பெரியவள் குறிப்பேட்டைத் திறந்து எண்ணை எழுதினாள். பக்கத்தில் 'உலர்த்திய முறை' என்று ஒரு கட்டம். பேனா அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது. உண்மையை எழுதினால், அடுப்பில் ஏன் வைக்கவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால், போன் எப்போது வந்தது என்பதுவரை போகும். 'அறுபது டிகிரி, ஓர் இரவு' என்று எழுதிவிட்டுக் குறிப்பேட்டை மூடினாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் எழுதிய ஒரே பொய் அது.

பேராசிரியர் துள்ளிக் குதித்தார். இன்னொரு பட்டையை எடுத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடினார். துக்க வீட்டிலிருந்து வந்தவள் என்று நினைவு வந்ததும் அவள் முன்னால் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகுதான் தலைவலி தொடங்கியது. அந்த முறையைத் திரும்பச் செய்து பார்க்கும் பொறுப்பு ஓர் ஆராய்ச்சி மாணவிக்கு வந்தது. தடித்த கண்ணாடி போட்ட பெண். பிறர் வைப்பதற்கு முன்னால் தனக்குத் தானே சோடாபுட்டி என்று பேர் வைத்துக்கொண்டவள். அவள் அதே மரக்கூழ், அதே பசை, அதே அறுபது டிகிரி, ஓர் இரவு என்று பதினாலு தடவை செய்தாள். பதினாலும் 'டப்'.

நாலு மாதம் இப்படிப் போனது. சோடாபுட்டி இளைத்துப்போனாள். "என் கையிலதான் ஏதோ தோஷம்" என்று சொல்லிக்கொள்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் பெரியவள் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள். வேறு எதையாவது கேட்டுவிட்டு மூடிக்கொள்வாள். இயந்திரம் பழுதோ என்று ஆள் வந்து பார்த்தார், பழுதில்லை. மற்ற துறைக்காரர்கள் டீ குடிக்கிற இடத்தில் வேறு மாதிரிப் பேசத் தொடங்கினார்கள். "எண்ணை யாராவது ஏத்தி எழுதியிருப்பாங்க" என்று ஒருவர் சொன்னது பெரியவள் காதிலும் விழுந்தது.

ஒரு நாள் காலையில் சோடாபுட்டி குறிப்பேட்டையும் வருகைப் பதிவேட்டையும் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஊத்தினது செவ்வாய்க்கிழமை. மறுநாள்லேர்ந்து நீங்க லீவு. அப்போ அடுப்புலேர்ந்து தட்டை எடுத்தது யாரு?"

பெரியவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"யாரும் எடுக்கலம்மா. அது அடுப்புக்கே போகல."

"அப்படின்னா?"

"மூடி போட்டபடி அங்கேயே கெடந்துது. பதிமூணு நாள்."

சோடாபுட்டிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குறிப்பேட்டைக் கீழே போட்டுவிட்டுப் பேராசிரியரைக் கூட்டிவர ஓடினாள். அவர் வந்து கேட்டார். மறுபடி கேட்டார். பிறகு நெற்றியில் அறைந்துகொண்டார்.

"அவசரப்பட்டுட்டோம்! ஆறு வருஷமா அடுப்புல போட்டு அவசரப்பட்டிருக்கோம்! அந்தத் துணுக்குங்களுக்கு வரிசையில நிக்க நேரமே குடுக்கலியே! அக்கா, அடுப்புல வைக்க மறந்தே போயிட்டீங்களா? அடடா, அந்த மறதிக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்!"

பெரியவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "போடாதீங்க சார்" என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "நான் இதை ஊத்திக்கிட்டு இருக்கும்போதுதான் என் தங்கச்சி போன் பண்ணினா. மூணு தடவை. மூச்சு முட்டி என்னைக் கூப்பிட்டிருக்கா. குமிழி வந்துடக் கூடாதுன்னு நான் எடுக்கல. ரெண்டு தெரு சார். ஓடினா நாலு நிமிஷம். அவகிட்ட இருந்த குழாய் காலி, மருந்து என் பையிலதான் இருந்துது."

பேராசிரியர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றார். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பெரியவளின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெரியவளுக்கு அழுகை வரவில்லை. குறிப்பேட்டை எடுத்து, தான் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்து, கீழே உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுபடி அவளையே ஊற்றச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. சோடாபுட்டிதான் ஊற்றினாள். பதின்மூன்று நாள் கழித்து மூடியைத் திறந்தபோது அதே பச்சை, அதே செம்பு. இயந்திரம் நூற்றெட்டு என்றது. பெரிய நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். சிப்பியின் செங்கல் அடுக்கு அங்கே இல்லை. ஓர் அடுக்குக்கு மேல் இன்னோர் அடுக்கு கொஞ்சம் திரும்பி, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் திரும்பி, சுழல் படிக்கட்டு மாதிரி போயிற்று. வண்டின் ஓடும் இப்படித்தான் இருக்கும் என்றார் பேராசிரியர். "நான் சிப்பியைத் தேடினேன், வண்டு வந்து உக்காந்திருக்கு" என்று சொன்னார். ஆனால் மெதுவாக, பெரியவள் இருக்கிற பக்கம் பார்க்காமல் சொன்னார்.

ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிட்டாள். சொல்லவேண்டிய இடம் இன்னும் பாக்கி இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவள் தங்கை வீட்டுக்குப் போனாள். மாப்பிள்ளை துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். வீடு ஒழுங்காகத்தான் இருந்தது; ஆள் நடமாடாத வீட்டின் ஒழுங்கு.

"மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அவ எனக்கு…"

"மூணு தடவை போன் பண்ணினா" என்றார் அவர். "பன்னிரண்டு பதினொண்ணு, பன்னிரண்டு பன்னிரண்டு, பன்னிரண்டு பதிமூணு. அவ போன்லயே இருக்கே அண்ணி. ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கும்போதே பார்த்துட்டேன்."

பெரியவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். "அப்புறம் ஏன் என்னைக் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். முதல் வாரம் பார்த்தேன். முதல் மாசம் பார்த்தேன். அப்புறம் பார்க்கறதை விட்டுட்டேன்." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "டாக்டர்கிட்ட கேட்டேன். உடனே மருந்து குடுத்திருந்தா பொழைச்சிருப்பாளான்னு. 'சொல்ல முடியாது'ன்னார். திரும்பத் திரும்பக் கேட்டேன். அதேதான் சொன்னார். எனக்கும் அந்த 'சொல்ல முடியாது'தான், உங்களுக்கும் அதுதான்."

"என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க மாப்பிள்ளை."

"என்னத்த திட்ட? எனக்கு அவ ஏன் போன் பண்ணலன்னு யோசிச்சீங்களா? பண்ணினா நான் எடுக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். நான்தானே அப்படிப் பழக்கினேன். நீங்க எடுப்பீங்கன்னு நம்பித்தான் மூணு தடவை அடிச்சிருக்கா."

பெரியவள் அப்போதுதான் அழுதாள். நாலு மாதமாக வராதது எல்லாம் சேர்த்து வந்தது. அவர் தடுக்கவில்லை, பக்கத்தில் வரவும் இல்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, துவைத்த துணியைப் பிழிந்து கொடியில் போடப் போனார். திரும்பி வந்து, கதவருகே நின்றுகொண்டு கேட்டார்:

"அப்ப என்ன வேலையில இருந்தீங்க?"

சொன்னாள். ஊற்றிக்கொண்டிருந்ததை, குமிழியை, தகட்டை, எல்லாவற்றையும் சொன்னாள்.

"அதை நான் பார்க்கலாமா?"

மறுநாள் அவருக்கு மதிய வண்டி. காலையில் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார், டிரைவர் சட்டையோடேயே. பெரியவள் அலமாரியைத் திறந்து, அன்றைய தட்டில் மிஞ்சியிருந்த கடைசிப் பட்டையைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். விரல் அளவுதான் இருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இரண்டு கையாலும் வளைத்தார். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. பட்டை வளைந்தது, விட்டதும் நிமிர்ந்தது.

"இது உடையாதா?"

"உடையும். நேரம் ஆகும்."

"எதுக்குங்க இது?"

"இன்னும் தெரியல. பல்லுக்கு, எலும்புக்குப் பொருத்துற தகட்டுக்கு, என்னென்னமோ சொல்றாங்க. ஈரத்துல தாங்குமான்னு இன்னும் பார்க்கணும். அதுக்கெல்லாம் பல வருஷம் ஆகும்."

அவர் தலையாட்டினார். பட்டையை மேஜையில் வைத்தார். வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு, "இதுக்காகவா அண்ணி?" என்றார்.

பெரியவள் நினைத்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். தெரியாமல் போச்சு, எப்போதும் பண்ணுவாளே என்று நினைத்துவிட்டேன். எல்லாம் உண்மைதான்.

"ஆமா மாப்பிள்ளை. இதுக்காகத்தான்" என்றாள்.

அவர் எப்போதும் சொல்வது போல, "வர்றேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார்.

கட்டுரை வெளிவந்தது. பேராசிரியர் அவள் பெயரைத் தன் பெயருக்கு அடுத்ததாகப் போட்டிருந்தார். தங்கையைப் பற்றி ஒரு வரி நன்றி எழுதட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்றாள். 'அறை வெப்பத்தில், மூடியிட்டு, பதின்மூன்று நாள் உலர்த்தப்பட்டது' என்று மட்டும் இருந்தது. வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எப்படித் தோன்றியது இந்த யோசனை என்று கேட்பார்கள். சோடாபுட்டி முந்திக்கொண்டு ஏதாவது பதில் சொல்லி அவர்களை அடுத்த அறைக்கு அழைத்துப் போய்விடுவாள்.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவள் தங்கை வீட்டுக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது. சன்னலில் திரை இல்லை. உள்ளே வெறும் தரை தெரிந்தது. மேல்வீட்டுக்காரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வந்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா? வெளியூர் வண்டிக்கு மாத்தி வாங்கிட்டுப் போயிட்டார். போய் மூணு வாரம் ஆச்சே. உங்ககிட்ட சொல்லலியா?"

"சொன்னார், சொன்னார்" என்றாள் பெரியவள். "நான்தான் மறந்துட்டேன்."

மேல்வீட்டுக்காரி உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். பெரியவள் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அந்தத் தெருவுக்கு வர அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.